சாப்பாட்டு மேசையில் சட்டம்: லண்டன் 'இன்'களின் விருந்து மரபு பற்றி ஒரு கேள்வி

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு தகப்பனின் கேள்வி இது. சட்டம் படித்தவர்களும் லண்டனில் இருப்பவர்களும் பதில் சொன்னால் மனம் ஆறுதல் அடையும்.

என் மகள் இங்கிலாந்தில் சட்டப் பட்டம் முடித்துவிட்டு இப்போது பாரிஸ்டர், அதாவது நீதிமன்றத்தில் நின்று வாதாடும் வழக்கறிஞர், ஆவதற்கான பயிற்சிப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். பாடம் நடத்துவது ஒரு கல்லூரி. ஆனால் பாரிஸ்டர் ஆக்கும் உரிமை கல்லூரிக்குக் கிடையாதாம். லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு பழைய வழக்கறிஞர் சங்கங்களுக்கு, அதாவது 'இன்'களுக்கு, மட்டும்தான் அந்த உரிமை உண்டாம். இவள் மிடில் டெம்பிளில் உறுப்பினராகியிருக்கிறாள். தேர்வில் தேறுவதோடு, சங்கம் நடத்தும் 10 அமர்வுகளிலும் கலந்துகொண்டாக வேண்டும் என்கிறாள். அவற்றில் சில, கறுப்பு அங்கி அணிந்து நீண்ட மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துகள். அதற்குப் பணமும் கட்ட வேண்டும்.

என் தாத்தா ஜில்லா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். 'சீமைக்குப் போய் விருந்து சாப்பிட்டுப் பாரிஸ்டரானவர்' என்று அந்தக் காலத்து வக்கீல்கள் பேசிக்கொள்வார்கள் என்று சொல்வார். பொறாமையில் சொன்னது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது என் மகளே விருந்துக் கணக்குச் சொல்கிறாள். கடன் வாங்கி அனுப்பியிருக்கிறேன். சாப்பிடுவதற்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஏட்டுச்சுவடி

வைகைக்கரை ஐயா, உங்கள் தாத்தா கேட்டதில் பெரும் பகுதி உண்மை. பாரிஸ்டர் ஆவதற்குத் தேர்வு கட்டாயமானதே 1872இல்தான். அதற்கு முன் இத்தனை பருவங்கள் சங்கத்தில் இருந்தார், இத்தனை விருந்துகளுக்கு வந்தார் என்ற கணக்குதான் முக்கியத் தகுதி. தேர்வு வந்த பிறகும் விருந்து போகவில்லை.

காந்தியடிகள் 1888 நவம்பரில் இன்னர் டெம்பிளில் சேர்ந்தார். அவர் முடிக்க வேண்டியவை 12 பருவங்கள். பருவத்துக்கு 24 விருந்துகள் நடக்கும். குறைந்தது 6 விருந்துகளில் இருந்தாக வேண்டும். மொத்தம் 72 விருந்துகள். சாப்பிட வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை, குறித்த நேரத்துக்கு வந்து விருந்து முடியும்வரை உட்கார்ந்திருந்தால் போதும் என்று 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். நான்கு நான்கு பேராக உட்காருவார்கள். நால்வருக்கு இரண்டு புட்டி ஒயின். அவர் மதுவைத் தொடமாட்டார் என்பதால் அவரைத் தங்கள் நால்வரில் சேர்த்துக்கொள்ளப் போட்டியே நடந்திருக்கிறது. ரொட்டி, வெந்த உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் இவைதான் அவருக்கு ஏற்ற உணவு. முதலில் அவற்றைக்கூட உண்ணாமல் இருந்தவர், பிறகு ஒரு பார்சி மாணவருடன் சேர்ந்து சைவ உணவு கேட்டு விண்ணப்பித்தார். அனுமதி கிடைத்தது. மூத்தவர்களின் மேசையிலிருந்து பழங்களும் காய்களும் வந்தன. இந்த விருந்துகள் மாணவனை எப்படி வழக்கறிஞர் தொழிலுக்குத் தயார்ப்படுத்தும் என்பது தமக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். உங்கள் கேள்வியை அவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார் ஐயா.

பதில் தேட வேண்டுமானால் இன்னும் பின்னால் போக வேண்டும். 'இன்' என்றால் தங்கும் இடம். லிங்கன்ஸ் இன்னின் 'கறுப்புப் புத்தகங்கள்' எனப்படும் நடவடிக்கைக் குறிப்புகள் 1422 முதல் தொடர்ச்சியாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் ரோமானியச் சட்டமும் திருச்சபைச் சட்டமும்தான் கற்பித்தன. இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் வழங்கிய பொதுச் சட்டத்தைக் கற்க வேண்டியவன் லண்டனுக்கு வந்து, வழக்காடுகிறவர்களோடு ஒரே வளாகத்தில் தங்கி, ஒரே கூடத்தில் உண்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் கற்க வேண்டும். உணவு முடிந்ததும் அதே கூடத்தில் மாதிரி வழக்கு நடக்கும். மூத்தவர்கள் நீதிபதிகளாக உட்காருவார்கள். வழக்காடத் தகுதி பெறாதவன் 'பார்' எனப்படும் தடுப்புக்கு உள்ளே இருப்பான், தகுதி பெற்றவன் வெளிப்புறம் வருவான். வழக்கறிஞர் தொழிலைக் குறிக்கும் 'பார்' என்ற சொல்லே அந்தக் கூடத்து அமைப்பில் பிறந்ததுதான். 'ரீடர்' என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஒரு சட்டத்தை வரி வரியாக விரித்துரைக்கச் செய்வார்கள்.

ஆகவே விருந்துக்கூடம்தான் வகுப்பறை. 1642இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது இந்தப் பாட முறை முறிந்தது. பிறகு ஒப்புக்கு உயிர்ப்பித்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் விரிவுரையும் போயிற்று, மாதிரி வழக்கும் தேய்ந்தது. சாப்பாடு மட்டும் மிஞ்சியது. உங்கள் தாத்தா காலத்து வக்கீல்கள் கண்டது பாடம் போன பிறகு எஞ்சியிருந்த பந்தியை.

---

வன்னிமரம்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வழக்காடுகிறவன். லிங்கன்ஸ் இன் உறுப்பினன். எங்கள் ஊரில் பழைய ஆட்கள் இன்னும் 'அப்புக்காத்து', 'பிறக்கிராசி' என்றுதான் சொல்வார்கள். மன்றில் நின்று வாதாடுகிறவர் அப்புக்காத்து, பத்திரம் எழுதி வழக்கைத் தயார் செய்கிறவர் பிறக்கிராசி. இலங்கையில் 1974 முதல் இருவரும் சட்டத்தரணிகள் என்று ஒன்றாகிவிட்டார்கள். இங்கிலாந்தில் அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது.

வைகைக்கரை ஐயாவுக்கு நேரில் கண்டதைச் சொல்கிறேன். என் முதல் விருந்துக்குப் போனபோது எனக்கு அந்தக் கூடத்தில் ஒருவரையும் தெரியாது. வாசலில் ஓர் அங்கியை இரவலாகத் தந்தார்கள். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு 'மெஸ்'. நம் ஊரில் 'மெஸ்' என்று சாப்பாட்டுக் கடைக்குச் சொல்கிறோமே, அதே சொல்தான். என் நால்வரில் ஒருவர் எழுபது வயதைத் தாண்டியவர். ஓய்வு பெற்ற நீதிபதி என்பது இனிப்பு வரும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் நான் அவரிடம் என் ஆங்கிலம் பற்றிய பயத்தையெல்லாம் சொல்லிவிட்டிருந்தேன். அவர், "வேகமாகப் பேசாதே, நீதிபதியின் பேனாவைப் பார்த்துப் பேசு, அது நின்ற பிறகு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கு" என்றார். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை. இன்று வரை அதைக் கடைப்பிடிக்கிறேன்.

ஒவ்வோர் இன்னுக்கும் தனிப் பழக்கங்கள் உண்டு. எங்கள் இன்னில் அரச வாழ்த்தை உட்கார்ந்தபடியே சொல்வோம். இரண்டாம் சார்லஸ் மன்னர் விருந்துக்கு வந்த 1672இல் கிடைத்த சலுகை என்பது வழக்கு. கிரேஸ் இன்னில் முதலாம் எலிசபெத் அரசியின் நினைவுக்கு வாழ்த்துச் சொல்வார்கள். அங்கே மேல் மெஸ், கீழ் மெஸ் என்று பக்கத்தில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லியும் வாழ்த்த வேண்டும், எனவே எல்லோருடைய பெயரையும் கேட்டு மனத்தில் வைத்தாக வேண்டும். இன்னர் டெம்பிளின் சின்னம் சிறகுள்ள குதிரை, மிடில் டெம்பிளின் சின்னம் கொடி தாங்கிய ஆட்டுக்குட்டி. இந்த இரண்டுக்கும் பொதுவான கோயில் 1185இல் அர்ச்சிக்கப்பட்ட டெம்பிள் தேவாலயம். அதில் இன்னர் டெம்பிள்காரர்கள் தென்புறமும் மிடில் டெம்பிள்காரர்கள் வடபுறமும் உட்காருவார்கள். ஒரு சங்கத்தின் தலைவருக்குப் 'பொருளாளர்' என்று பெயர், ஓராண்டுதான் பதவி. பாரிஸ்டர்கள் தங்களுக்குள் கை குலுக்குவதில்லை என்பதும் பழைய வழக்கம்.

எனக்கு மிகவும் பிடித்தது எங்கள் தேவாலய மணி. ஒரு மூத்த உறுப்பினர், அதாவது பெஞ்சர், இறந்துவிட்டால் நண்பகல் தாண்டி 12.30க்கு அந்த மணி ஒலிக்கும். முற்றத்தில் நடப்பவர்கள் நின்றுவிடுவார்கள். அறைகளிலிருந்து குமாஸ்தாக்கள் யார் போனார் என்று விசாரிக்க வருவார்கள். இந்தத் தேவாலயத்துக்கு முதல் கல் வைத்தவரும், 1623இல் அர்ச்சிப்பின்போது பிரசங்கம் செய்தவரும் கவிஞர் ஜான் டன். மணி ஒலிக்கும் நேரத்தில் நீங்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பது யாருக்கும் நினைவிருக்காது. இறந்தவர் நம்மவர், அவ்வளவுதான்.

இன்னொன்று. 1863இல் இந்த லிங்கன்ஸ் இன்தான் சேர் முத்து குமாரசுவாமியைப் பாரிஸ்டர் ஆக்கியது. கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனது அதுவே முதல் முறை. அவர் நம்மவர், தமிழர். கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை. அந்தக் கூடத்துக்குள் போகும் ஒவ்வொரு முறையும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

---

செங்காந்தள்

வன்னிமரம் அண்ணா எழுதியது மனத்தைத் தொட்டது. ஆனாலும் நான் மறுத்துப் பேசியாக வேண்டும். திருச்சியில் 11 ஆண்டுகளாக வழக்காடுகிறேன்.

'நம்மவர்' என்று சொல்கிறீர்களே, அந்த மேசையில் என்னைப் போன்ற பெண்கள் எப்போது நம்மவர் ஆனார்கள்? 1903இல் பெர்த்தா கேவ் என்ற பெண் கிரேஸ் இன்னில் சேர விண்ணப்பித்தார். மறுத்தார்கள். நீதிபதிகள் அடங்கிய குழுவிடம் மேல்முறையீடு செய்தார். சில நிமிடங்களில் தள்ளுபடி செய்தார்கள். முன்னுதாரணம் இல்லை என்பதுதான் காரணம்! அடுத்த ஆண்டு பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்டை லிங்கன்ஸ் இன் திருப்பி அனுப்பியது. நம் நாட்டுக் கொர்னீலியா சொராப்ஜி ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதியது 1892. பாரிஸ்டர் ஆனது 1923. இடையில் 31 ஆண்டுகள். ஒரு மனுஷியின் உழைக்கும் வயது முழுவதையும் அந்தக் கதவு தின்றுவிட்டது.

கதவைத் திறந்தது சங்கங்களின் பெருந்தன்மை அல்ல. 1919 டிசம்பர் 23இல் நாடாளுமன்றச் சட்டம் வந்தது. மறுநாளே ஹெலனா நார்மன்டன் மிடில் டெம்பிளில் சேர்ந்தார். 1922 மே மாதம் ஐவி வில்லியம்ஸ் இன்னர் டெம்பிளில் முதல் பெண் பாரிஸ்டர் ஆனார். ஒரே நாளில் சேர்த்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு, முந்தைய 500 ஆண்டுகள் முடியாமல் போனது ஏன்?

ஏட்டுச்சுவடி விருந்துக்கூடம்தான் வகுப்பறை என்கிறார். சரி. அப்படியானால் விருந்துக்கு வரவிடாமல் தடுத்தது பாடத்தையே தடுத்ததாகும். மரபு எவ்வளவு அழகாக இருக்கிறதோ அந்த அளவுக்கு இந்த அநீதியும் பெரிது. பணமும் அப்படித்தான். காந்தியடிகள் காலத்தில் ஒரு விருந்துக்கு இரண்டரை ஷில்லிங் முதல் மூன்றரை ஷில்லிங் வரை. அது எத்தனை இந்தியக் குடும்பங்களுக்கு எட்டியிருக்கும்? வைகைக்கரை ஐயா கடன் வாங்கித்தானே இன்று மகளை அனுப்பியிருக்கிறார்?

---

வைகைக்கரை

அம்மா, நீங்கள் கேட்டது எனக்காகவும் கேட்ட கேள்வி. நன்றி. என் மகளின் முதல் விருந்து அடுத்த வாரம். சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். காந்தியடிகள் விண்ணப்பம் போட்டுப் பெற்றதை இவள் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டுப் பெற்றுவிட்டாள் என்பதை நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

---

பழைய சேம்பர்

38 ஆண்டுகள் வக்கீல் தொழிலில் இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். லண்டனைப் பார்த்ததில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு என்னிடமும் ஒரு பதில் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் வக்கீல் யாரும் கிடையாது. நான் ஜூனியராகச் சேர்ந்த முதல் அலுவலகத்தில் சீனியர் முன்னால் நாங்கள் உட்காருவதே இல்லை. கட்டுத் தூக்குவோம், வாய்தா வாங்குவோம், அவர் படிக்கும்போது நின்றுகொண்டிருப்போம். இரண்டு ஆண்டுகளில் அவர் எனக்குச் சட்டம் பற்றிச் சொன்ன வாக்கியங்கள் பத்தைத் தாண்டாது. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் அப்படித்தான் கற்பித்திருப்பார்கள்.

நான் தொழில் கற்றது கோர்ட் வளாகத்துச் சாப்பாட்டு அறையில். மதியம் டிபன் பாத்திரங்களைத் திறந்து எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். வேறொரு அலுவலகத்து மூத்த வக்கீல் ஒருநாள் என் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் தன் ஊறுகாயை வைத்துவிட்டு, "காலையில் முத்திரைக் கட்டணம் குறைந்த பத்திரத்தை எதிர்த்தரப்பு சான்றாவணமாகக் குறியிட்டார்களே, ஏன் சும்மா நின்றாய்?" என்று கேட்டார். பிறகு வாதத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன் என்றேன். "அந்தப் பிறகு உனக்குக் கிடையாது. ஆவணத்தை ஏற்றுக்கொண்டுவிட்டால் முத்திரை குறைவு என்று அதே வழக்கில் மறுபடி கிளப்ப முடியாது. முத்திரைச் சட்டம் 36ஆம் பிரிவைப் போய்ப் பார்" என்றார். கல்லூரியில் அந்தப் பிரிவைப் படித்துத் தேறியவன்தான் நான். அது எந்த நொடியில் உயிர் பெறும் என்பது அந்தப் பெஞ்சில்தான் புரிந்தது.

செங்காந்தள் சொல்வது முழு நியாயம். எங்கள் அந்தப் பெஞ்சிலும் அன்று பெண் வக்கீல்கள் உட்கார்ந்ததில்லை. அவர்கள் தனியே ஓர் ஓரத்தில் சாப்பிட்டார்கள். எத்தனை 36ஆம் பிரிவுகள் அவர்கள் காதுக்குப் போகாமல் இருந்திருக்கும் என்று இன்றுதான் நினைத்துப் பார்க்கிறேன். என்னை அன்று யாரும் தடுக்கவில்லை, நானே எழுந்து போய் அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை.

ஆனால் லண்டன்காரர்கள் செய்த ஒன்றை நாம் செய்யவில்லை. எனக்கு ஊறுகாய் கிடைத்தது தற்செயல். அவர்கள் அதை விதியாக்கியிருக்கிறார்கள். நீதிபதியும் மாணவனும் ஒரே கூடத்தில் உண்ண வேண்டும், இத்தனை முறை உண்ண வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர் இல்லாத பிள்ளைக்கு அந்த விதிதான் சொந்தக்காரர்.

---

ஏட்டுச்சுவடி

பழைய சேம்பர் ஐயாவின் கடைசிப் பத்திக்கு ஒரு சேர்க்கை. இன்றைய 10 அமர்வுகள் எல்லாமே விருந்து அல்ல. விரிவுரை, வாதப் பயிற்சி, மாதிரி வழக்கு எல்லாம் அவற்றில் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் விட்டுப்போன பாடத்தை மறுபடியும் பந்தியோடு இணைத்துவிட்டார்கள்.

மகள் உட்காரப்போகும் கூடத்தைப் பற்றியும் சொல்ல ஆசை. மிடில் டெம்பிள் கூடம் முதலாம் எலிசபெத் காலத்தில், 1570களில் முடிந்தது. 1602 பிப்ரவரி 2ஆம் தேதி ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' அங்கே நடிக்கப்பட்டது. அந்த நாடகம் மேடையேறியதற்குக் கிடைத்த முதல் குறிப்பு, அங்கே மாணவராக இருந்த ஜான் மானிங்ஹாம் எழுதிய நாட்குறிப்பு. மூத்தவர்களின் மேசை 29 அடி நீளம், ஒரே ஓக் மரத்துப் பலகைகள். அதன் முன்னால் 'கப்போர்டு' என்ற சிறு மேசை ஒன்று இருக்கிறது. கடலோடி டிரேக்கின் கப்பல் பலகையால் செய்தது என்று சொல்கிறார்கள். பாரிஸ்டர் ஆகும் நாளில் அந்த மேசையருகே நின்றுதான் ஏட்டில் கையெழுத்திட வேண்டும். 1940இல் குண்டு விழுந்து அந்தக் கூடத்தின் கிழக்குப் பகுதி இடிந்தது. செதுக்கு வேலை நிறைந்த மரத்திரை துண்டு துண்டாகச் சிதறியது. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து மறுபடி நிறுத்தினார்கள். புதிதாகச் செய்வது எளிதாக இருந்திருக்கும்.

---

வன்னிமரம்

செங்காந்தள் அக்காவின் கேள்விக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. இன்னும் ஒன்றை நானே சேர்க்கிறேன். காந்தியடிகளுக்கு 1922இல் தேசத்துரோக வழக்கில் தண்டனை விதித்த பிறகு இன்னர் டெம்பிள் அவர் பெயரைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. மறுபடி சேர்த்தது 1988இல். அவர் இறந்து 40 ஆண்டுகள் கழித்து. நம் வ.வே.சு. ஐயர் எங்கள் லிங்கன்ஸ் இன்னில் படித்தும் பாரிஸ்டர் ஆகாமலேயே 1910இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். இந்த மேசையில் நமக்கு இடம் கிடைத்த கதையோடு இதுவும் சேர்ந்துதான் இருக்கிறது.

அம்பேத்கர் 1916இல் கிரேஸ் இன்னில் சேர்ந்தார். சொந்த ஊரில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையைத் தொட விடாத பிள்ளை, அங்கே நால்வரில் ஒருவராக உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்து உண்டிருக்கிறார். இன்று அந்தச் சங்கத்தில் அவர் பெயரில் ஓர் அறை இருக்கிறது. பெண்களைத் தடுத்த அதே சங்கம்தான் அது. இரண்டும் உண்மை. எதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

---

செங்காந்தள்

அண்ணா, அம்பேத்கரைப் பற்றி எழுதிய வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் தட்டச்சு செய்ய முடியவில்லை. அந்த மேசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எனக்கும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பழைய சேம்பர் ஐயாவுக்கு: எங்கள் அலுவலகத்தில் இப்போது மூன்று ஜூனியர்கள். இருவர் பெண்கள். இந்தத் திங்கட்கிழமை முதல் மதியச் சாப்பாடு ஒன்றாக என்று வைத்துவிட்டேன். காலையில் கோர்ட்டில் நடந்ததில் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதல் நாளே ஒரு பெண், நான் செய்த பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டினாள்.

---

வைகைக்கரை

நேற்று இரவு முதல் விருந்து முடிந்தது. அங்கே மணி பத்தரை இருக்கும்போது பேசினாள். அவள் நால்வரில் ஒருவர் நைஜீரியாவிலிருந்து வந்த மாணவர், ஒருவர் வேல்ஸ் நாட்டுப் பெண், இன்னொருவர் 30 ஆண்டுகளாகக் குடும்ப வழக்குகள் நடத்தும் பாரிஸ்டர் அம்மா. அந்த அம்மா இவளிடம், குழந்தையின் பொறுப்பு யாருக்கு என்ற வழக்கில் தாயிடம் முதல் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று விளக்கியிருக்கிறார். இவள் அரை மணி நேரம் எனக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். நினைவில்லை என்றாள்.

அடுத்த விருந்து இரண்டு வாரம் கழித்து. இந்த முறை கல்லூரித் தோழிகள் மூவரோடு சேர்ந்து உட்காரலாமா என்று கேட்கிறாள். வன்னிமரம் தம்பி, என்ன சொல்லட்டும்?

---

வன்னிமரம்

வேண்டாம் ஐயா. தோழிகளைத் தனித்தனியாகப் போய் உட்காரச் சொல்லுங்கள். கால் மணி நேரம் முன்னதாகவே போகட்டும். ஒருவரையும் தெரியாத மேசையில் ஓர் இடம் காலியாக இருக்கும், அங்கே உட்காரட்டும். அந்த அம்மாவுக்கு இந்த வாரமே நன்றி தெரிவித்து நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். நீதிமன்றத்துக்கு வந்து பார்க்கலாமா என்று அதில் கேட்கலாம். பெரும்பாலும் வரச் சொல்வார்கள்.